பீரோவுக்குப் பின்னால் ஒரு கதவு

அந்த மாடி அறையில் எந்தப் பூட்டும் நிலைக்காது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற கட்டற்ற மென்பொருளை அக்காவும் தங்கையும் அங்கே தொகுக்கத் தொடங்கிய வாரமே, வாசற்பூட்டு மெழுகுபோல் இளகி வழிந்துவிட்டது. வேறு பூட்டு போட்டுப் பார்த்த வீட்டுக்காரர், இங்கே திருடன் வந்தால் அவன்தான் ஏதாவது வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று விட்டுவிட்டார். எதையும் தொகுப்பில் சேர்க்கும் முன் ஒருத்தி அதை வரிவரியாக வாய்விட்டு வாசிப்பாள், மற்றவள் கேட்பாள். இதுதான் வழக்கம். அக்காவுக்கு மூக்குக்கண்ணாடி வந்தது, தங்கைக்குக் கல்யாணம் ஆனது, தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். வாசிப்பு நிற்கவில்லை.

பிறகு வந்த மடிக்கணினிகளில் வைஃபை வேலை செய்ய, கம்பெனிக்காரர்கள் தரும் ஒரு கோப்பு தேவைப்பட்டது. காசு கிடையாது, ஆனால் உள்ளே இருப்பதை யாராலும் படிக்க முடியாது. சேர்க்கலாமா என்று கூட்டம் கூடியது. நெட்டே வராத கணினியில் சுதந்திரத்தை வைத்து நாக்கு வழிக்கவா என்று கேட்டார், எல்லோரும் வம்பு என்று கூப்பிடும் தன்னார்வலர். படிக்காததைக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு நம்பச் சொல்வது என்றாள் அக்கா. தங்கை வாயே திறக்கவில்லை. அவள் தன் பக்கம்தான் என்று அக்கா நிம்மதியாக இருந்தாள்.

உட்கார இடம் போதாமல் பீரோவை நகர்த்தினார்கள். பின்சுவரில் ஓர் இரும்புக் கதவு, பூட்டோடு இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் வானம். ஆனாலும் கதவுக்குள்ளே யாரோ செருப்போடு நடந்தார்கள். பூட்டு இளகவில்லை. படிக்க முடியாத அந்தக் கோப்பு ஏற்கெனவே தொகுப்புக்குள் வந்துவிட்டது என்று யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. கதவின் மேல் படிந்திருந்த ஒட்டடையை அக்கா பார்த்தாள். பிறகு தங்கையை.

"எப்போ சேர்த்தே?"

"போன ரிலீஸ்லயே. நெட் வரலன்னு எழுதுறவங்களுக்கு நான்தானே பதில் சொல்றேன். உன்கிட்ட கேட்டா விடமாட்டே."

"அப்போ அன்னிக்கு எனக்கு எதை வாசிச்சே?"

"பழசை. நீ கண்ண மூடிக் கேட்டுட்டிருந்தேக்கா."

கைகள் உயர்ந்தன, கோப்பு தொகுப்பிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. அக்கா கையைத் தூக்கவில்லை, அறையை விட்டுப் போகவுமில்லை. கதவை அகற்ற வந்த கொத்தனாரும் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இப்போது அதன் கைப்பிடியில் குடைகளை மாட்டுகிறார்கள். வாசிப்பும் நடக்கிறது. தங்கை வாசிக்க, அக்கா திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்கிறாள். கதவுக்குள் செருப்புச் சத்தம் எழும்போது மட்டும் தங்கை கொஞ்சம் உரக்க வாசிப்பாள்.