ஒரு பேப்பர் பாக்கி

டைல்ஸ் கம்பெனியின் கணக்குப் பிரிவில் அவளை ‘லெட்ஜர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருட சர்வீஸ். தலைமைக் கணக்காளர் ஓய்வு பெற்றுப் போன எட்டு மாதமாக அவருடைய வேலையையும் அவளே இழுத்துப்போட்டுச் செய்தாள். நாற்காலி மட்டும் காலியாகவே கிடந்தது.

ஒருநாள் காலை பொது மேலாளர் கூப்பிட்டார்.

“அந்த போஸ்ட்டுக்கு மூணு பேர் வர்றாங்கம்மா. டெஸ்ட் பேப்பர் நீங்களே ரெடி பண்ணிடுங்க. யாருக்கு வேலை தெரியும்னு உங்களுக்குத்தானே தெரியும்?”

“என்னைப் பத்தி யோசிக்கலையா சார்?” கேட்டேவிட்டாள்.

“எனக்கென்னம்மா, நாளைக்கே போடுவேன். கடன் குடுக்கற பேங்க்காரங்க ஒத்துக்கணுமே. கையெழுத்துக்குக் கீழ பட்டம் எங்கேன்னு கேக்கறாங்க.”

பட்டயக் கணக்காளர் படிப்பில் அவளுக்கு ஒரே ஒரு தாள்தான் பாக்கி. தணிக்கை. நான்கு முறை எழுதி நான்கிலும் கோட்டை விட்டவள். ஐந்தாவது முறைக்குப் பணம் கட்டிய மாதம் மகள் பிறந்தாள். அத்தோடு புத்தகங்கள் பரணுக்குப் போயின.

இரண்டு நாள் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல் தேய்த்த பிரஷை வாயிலேயே வைத்துக்கொண்டு அடுப்பு மூட்டினாள். மூன்றாம் நாள், தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு பில் கட்டைக் கேள்வியாகத் தயாரித்தாள். வருடக் கடைசி நாளில் ஒரு பெரிய லோடு விற்றதாக பில். கட்டின் அடியில், அதே லோடு அடுத்த வாரம் திரும்பி வந்ததற்கான சீட்டு. லாபத்தைப் பெருக்கிக் காட்டும் பழைய தந்திரம். இதைப் பிடிக்க அவளுக்கு மூன்று வருடம் குடோனில் நின்று தேய வேண்டியிருந்தது. ‘வர்றவங்க வழுக்கி விழட்டும்’ என்று மனசு சொன்னது. அப்படி நினைத்ததற்காக வெட்கமும் வந்தது.

முதல் இருவரும் தங்கள் பட்டத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள்; கட்டின் அடிவரை போகவில்லை. மூன்றாவதாக வந்தவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பாதி நேரம் புரட்டிப் பார்த்தபடியே இருந்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அக்கா, இந்த லோடு நிஜமாவே வித்துச்சா? அடுத்த வாரமே திரும்பி வந்திருக்கே.”



சாயங்காலம் மேலாளர், “யாரும் தேறலைன்னா விடுங்கம்மா. நீங்கதான் பாத்துக்கறீங்களே, இப்படியே ஓட்டிடலாம்” என்றார். ஒரு வார்த்தை போதும், எல்லாம் பழையபடியே கிடக்கும். அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

“மூணாவது பொண்ணை எடுங்க சார்.”

வேலையில் சேர்ந்த மறுவாரமே அந்தப் பெண் அவள் மேசைக்கு வந்தாள்.

“அந்தக் கேள்வி நீங்க செட் பண்ணதாமே? அது அப்படியே தணிக்கைப் பேப்பர்ல வர்ற பாடம்க்கா. இவ்வளவு தெரிஞ்சும் ஏன் முடிக்கல?”

சொல்ல நிறைய இருந்தது. மத்தியானமே பரீட்சை அலுவலகத்துக்கு போன் போட்டாள். ஏற்கெனவே பாஸான தாள்கள் இந்த வருடம் வரைதான் செல்லுமாம். மிச்சம் ஒரே ஒரு வாய்ப்பு.

“அம்மாவும் பொண்ணும் சேர்ந்து பரீட்சைக்கு உக்காந்தா என் கதி? உப்புமா கிண்டியே செத்துருவேன்” என்றார் வீட்டுக்காரர். சொன்னபடியே கிண்டவும் செய்தார். நான்கு மாதம் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தாள். மகள் கேள்வி கேட்பாள், இவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே பதில் சொல்வாள். ஐம்பத்திரண்டு மார்க். தேறிவிட்டாள்.

மேலாளர் கைகொடுத்தார். “ரொம்ப சந்தோஷம்மா. ஆனா இப்ப இடம்தான்...”

“தெரியும் சார். நானே நிரப்பினதுதானே.”

வெளியில் விண்ணப்பம் போட்டாள். முன்பு பதினோரு கம்பெனிக்கு எழுதி ஒரு பதில்கூட வராதவளுக்கு மூன்றே நாளில் அழைப்பு வந்தது. கண்ணாடிக் கதவு போட்ட அறையில் இரண்டு பேர். சான்றிதழைத் திருப்பிப் பார்த்தார்கள். “எப்ப சேர முடியும்?” என்றார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பு.

பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்காரருக்கு போன் செய்தாள்.

“கெடச்சிருச்சுங்க. தலைமைக் கணக்காளர்.”

“அடி சக்கை! அப்புறம் ஏன் கொரல் இப்படி இருக்கு?”

“பதினாறு வருஷம் என்ன கிழிச்சேன்னு ஒருத்தர்கூட கேக்கலைங்க. எல்லாத்துக்கும் பதில் வச்சிருந்தேன்.”

“சேர மாட்டியா?”

“சேராம என்ன? ஒண்ணாம் தேதி வரேன்னு சொல்லிட்டேன்.”

அவளுடைய பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. அடுத்த நிறுத்தம்வரை நடந்துவிட்டு வருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, வேகவேகமாக நடக்க ஆரம்பித்தாள்.