வெயில் தின்ற விளையாட்டு

அப்பா எழுதிய வீடியோ விளையாட்டு ஏன் வெளிவரவில்லை என்று யார் கேட்டாலும், "வெயில்ல போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்கு நகர்ந்துவிட வேண்டும். அந்த வீட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. இருந்தும் முப்பத்தோரு வருடங்களாக ஒருவரும் தவறியதில்லை. அப்பாவும்தான். இப்போது குளிர்ப்பெட்டியின் கண்ணாடி மூடிக்கு அடியில் கிடக்கும்போதும், அந்த விதிக்குக் கட்டுப்பட்டே அவர் வாயை மூடியிருப்பதாக மகளுக்குத் தோன்றியது.

பெட்டிக்குப் பக்கத்தில் மாமா பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அம்மாவின் தம்பி, அப்பா ஒருகாலத்தில் வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி. ஈரத் துணுக்கொன்று கண்ணாடியின்மேல், சரியாக அப்பாவின் மோவாய்க்கு நேராக விழுந்தது. மாமா அதைச் சுண்டுவிரலால் ஒற்றியெடுத்து வாயில் போட்டுக்கொண்டார். விரல் பட்ட இடத்தில் ஒரு பிசுக்குத் தடம் தங்கியது. அவளுக்குக் குமட்டியது. காலையிலிருந்தே குமட்டிக்கொண்டுதான் இருந்தது. சாயம் பூசிய கிருதாவிலிருந்து கறுப்பாக இறங்கும் அவருடைய வியர்வை, அவர் பூசிவந்திருந்த அத்தரின் நெடி, துக்கம் கேட்க யாரேனும் வந்தால் உடனே அவர் குரலில் ஏறிக்கொள்ளும் பாகு.

அப்பாவை எடுத்துப்போகும் வண்டி நான்கு மணிக்குத்தான் வரும். மணி இரண்டரை.

எதிர் நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தவரைக் காலையிலிருந்து வீட்டார் 'வரலாற்றுக்காரர்' என்றே குறிப்பிட்டார்கள். பழைய வீடியோ கேம் பெட்டிகளுக்காக எழுதப்பட்டு, கடைவாசலையே காணாமல் போன விளையாட்டுகளின் கதைகளைத் தேடிப் புத்தகமாக்குகிறவர். அப்பாவைப் பேட்டி காண இன்றைக்கு நேரம் வாங்கியிருந்தார். வந்தபோது அப்பா பெட்டிக்குள் இருந்தார். வணங்கிவிட்டுத் திரும்பப் போனவரைத் தோளில் கைபோட்டு உட்காரவைத்தது மாமாதான்.

"அவர் போனா என்ன சார்? நான் இருக்கேன்ல? கம்பெனியே என்னுது."

அவர் கையிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியையும் மாமாவே வாங்கி, மேசை கிடைத்தாற்போல, கண்ணாடி மூடியின்மேல் வைத்தார். வரலாற்றுக்காரர் கூசிப்போய் அப்பாவின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார். ஆனால் கருவியை எடுக்கவில்லை.

"நாப்பது கட்டம் சார். கையில விளக்கோட ஒருத்தன் கிணத்துக்குள்ள இறங்கிட்டே இருப்பான். ரெண்டு வருஷ உழைப்பு. எட்டு சிப்புல எழுதி முடிச்சாச்சு. மறுநாள் காலையில தயாரிப்புக்கு அனுப்பணும்."

அந்த இரண்டு வருடங்களை அவள் மாமாவைவிட நன்றாக அறிவாள். அவை முடியும்போது அவளுக்கு ஒன்பது வயது. பள்ளி விட்டதும் அலுவலகத்துக்குப் போய் அந்த விளக்கு மனிதனைக் கிணற்றுக்குள் இறக்கி, பிழை கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. மனிதனுக்கு நிழல் வைக்கச் சிப்பில் இடம் போதாமல், மூன்றாம் கட்டத்தின் இசையில் பாதியை அப்பா வெட்டியது அவள் யோசனை. "நிழல் இல்லாட்டி அவன் மிதக்கிறான்பா," என்று சொல்லியிருந்தாள்.

"அந்த சிப்பு முதுகுல ஒரு கண்ணாடிக் கண்ணு இருக்கும்ல சார். வெளிச்சம் பட்டா எழுதினது அழிஞ்சிடும்னு ஸ்டிக்கர் ஒட்டி மூடுவோம். எங்க அத்தானுக்கு மறதி ஜாஸ்தி. மூடாம ஜன்னலோரம் வச்சிட்டாரு. ஒரு சாயங்காலம். அவ்ளோதான், சுத்தமா போச்சு. ஃப்ளாப்பி டிஸ்க்ல இருந்த இன்னொரு காப்பியையும் பூஞ்சை தின்னுடுச்சு. பதினோரு பேருக்கு வேலை போச்சு. நான் ஒரு வார்த்தை கேக்கல. அக்கா புருஷனாச்சே!"

"அதெல்லாம் எதுக்குடா இப்போ," என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி. அவ்வளவுதான் அவளால் முடியும். தானாடாவிட்டாலும் தசையாடும் என்பார்கள். அம்மாவின் தசை முப்பத்தோரு வருடங்களாகத் தம்பியின் பக்கமே ஆடிக்கொண்டிருந்தது. பிறகு மகளிடம், "வண்டிக்காரங்க கேப்பாங்க. அப்பாவோட அடையாள அட்டைய எடுத்துட்டு வா," என்றாள்.

பின்னறையில் பழுதான ரிமோட்டுகள் குவிந்துகிடந்தன. கம்பெனியை விட்டபின் அப்பா பிழைத்தது அவற்றால்தான். பல பேருடைய கைப்பிசுக்கு ஏறிய அந்தப் பொத்தான்களைச் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அவர் துடைக்கும்போதெல்லாம், பழைய சகாக்கள் யாரும் ஏன் இந்த வாசலை மிதிப்பதில்லை என்று அவள் கேட்டதில்லை. அட்டை மேசை இழுப்பறையில் இருந்தது. அதற்கடியில் ஒரு நோட்டு.

கடைசிப் பக்கத்தில் எட்டு ஸ்டிக்கர்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. பழுத்துப்போன தாள், ஒன்றிலிருந்து எட்டு வரை அப்பாவின் எழுத்தில் எண்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் நகம் கீறிய தடம். யாரோ உரித்துக் குப்பையில் போட்டதை அப்பா பொறுக்கியெடுத்து, சுருக்கம் நீவி ஒட்டியிருக்கிறார். வெயில் ஸ்டிக்கரை உரிக்காது. கீழே, விளையாட்டு அழிந்த வெள்ளிக்கிழமையின் தேதி. அதற்கும் கீழே, ஒரே வரி.

'பாப்பா பார்த்திருப்பாள். அவளைக் கேட்கக் கூடாது.'

அவள் அந்த வரியை மறுபடியும் படித்தாள்.

பார்த்திருந்தாள். அன்று சாயங்காலம் அலுவலகத்தில் மேசைக்கடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது, மாமா கட்டைவிரல் நகத்தால் ஸ்டிக்கர்களை உரித்தார். மறுநாள் ஒரு சோப்புக் கம்பெனிக்கு விளம்பர விளையாட்டுக் கொடுக்க வேண்டும்; வெற்றுச் சிப்பு கைவசம் இல்லை; கடை அடைத்தாயிற்று. "இன்னொரு காப்பி இருக்கும்மா," என்று சொல்லிக்கொண்டே எட்டு சிப்புகளையும், எழுதியதை அழிப்பதற்கென்றே வைத்திருந்த தகரப் பெட்டியின் இழுப்பறைக்குள் அடுக்கி மூடினார். இடுக்கில் ஊதாக் கீற்று ஒன்று எரிந்தது. அவள் கையில் ஓர் ஆரஞ்சு மிட்டாய் திணிக்கப்பட்டது. மறுநாள் எல்லோர் முன்னாலும், "நேத்து வெயில் அடிச்சுதுல்ல பாப்பா?" என்று மாமா கேட்டார். வெயில் அடித்தது உண்மைதான். தலையாட்டினாள். அப்பா அவளை ஒரு கணம் பார்த்தார். அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

அன்றைக்கு அவள் தலையாட்டியதற்குக் குழந்தை என்ற சாக்கு உண்டு. அடுத்த முப்பத்தோரு வருடங்களுக்கு? மாமாவின் பிசுக்கு விரல்மேல் எழுந்த அதே குமட்டல் இப்போது அவள்மேலேயே திரும்பி எழுந்தது.

கூடத்துக்கு வந்தபோது வரலாற்றுக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். "தப்பா நினைக்காதீங்க சார். ஒரு சாயங்கால வெயில்ல அது அழியாதே? ஒரு வாரமாவது ஆகுமே."

மாமா சிரித்தார். பல்லிடுக்கில் பிஸ்கட் மாவு. "அந்தக் காலத்து வெயில் அப்படி சார்! சந்தேகமா இருந்தா இவளையே கேளுங்க. அன்னைக்கு அங்கதான் இருந்தா. சொல்லு பாப்பா. வெயில் அடிச்சுதுல்ல?"

வார்த்தைகூட மாறவில்லை. அவள் நாக்கின் அடியில் ஆரஞ்சின் புளிப்பு ஊறியது.

கைக்குட்டையை எடுத்து, அப்பாவின் மோவாய்க்கு நேரே கண்ணாடியிலிருந்த பிசுக்குத் தடத்தை முதலில் துடைத்தாள். அது லேசில் போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். பிறகு ஒலிப்பதிவுக் கருவிக்குப் பக்கத்தில் நோட்டை விரித்து வைத்தாள்.

"அடிச்சுது மாமா. ஆனா ஸ்டிக்கர உரிச்சது வெயில் இல்ல. நீங்க. எட்டையும் உரிச்சு, சிப்ப அழிக்கிற தகரப் பெட்டில வச்சு மூடினீங்க. எங்கப்பா அப்போ ஆபீஸ்லயே இல்ல. எனக்கு மிட்டாய் குடுத்தீங்க. நான் தின்னேன்."

வரலாற்றுக்காரர் குனிந்து எட்டு எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சாவு வீட்டுல என்ன பேச்சு இது!" மாமாவின் குரலில் பாகு இல்லை. "அக்கா, உம்பொண்ணு என்ன உளறுறா பாரு. நீ சொல்லு. சொல்லுக்கா!"

அம்மா நிமிரவில்லை. தம்பிக்குச் சாதகமாகத் தலையும் ஆட்டவில்லை.

மாமாவின் விரல்களுக்கிடையில் பாதி தோய்ந்திருந்த பிஸ்கட் முறிந்து தேநீருக்குள் விழுந்து, கரைந்துகொண்டே அடிக்கு இறங்கியது. கண்ணாடி மூடியின்மேல் கருவியின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த யாரும் கைநீட்டவில்லை.