ஒரு தெருவுக்கு ஒரு கார்

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அன்று காலை நான்கு வாடகைக் கார்கள் நின்றிருந்தன. நான்கு டிரைவர்களும் ரஞ்சிதத்திடம் நான்கு விதமாகப் பேசினார்கள். ஒருவருக்கு வண்டி ரிப்பேர். இன்னொருவருக்கு அதே தேதியில் காளாஸ்திரி சவாரி. மூன்றாமவர் தன் மாமியாருக்கு அன்று உடம்பு சரியிருக்காது என்றார். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

நான்காவது டிரைவர் வரதராஜன்தான் உள்ளதைச் சொன்னார்.

"அக்கா, நேத்து உங்க ஊர்லேர்ந்து எதிர் பூத்துக்கு போன் வந்துச்சு. எங்க நாலு பேரையும் கூப்ட்டு சொல்லிட்டாங்க. பெரிய தெருவுல கார் நொழஞ்சா கண்ணாடி மிஞ்சாதாம். என் சொந்த வண்டியா இருந்தா பரவால்ல. ஓனர் தோல உரிச்சிடுவாரு."

"கோதண்டபாணி பண்ணாரா?"

"பேரெல்லாம் என் வாயால எதுக்குக்கா."

"உனுக்கு பயம் எங்க மேல இல்லியே? கண்ணாடி மேலதானே?"

"ஆங். கண்ணாடி மேலதான்."

"சரி, டீய குடி" என்று சொல்லிவிட்டு ரஞ்சிதம் நடந்தார்.

நொச்சிக்கண்டிகையில் மெயின் ரோட்டு ஸ்டாப்பில் இறங்கினால் நேரே பெரிய தெரு. முந்நூறு அடி தாண்டினால் நடுவில் மாரியம்மன் கோவில். தெரு அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. கோவிலைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் காலனி. காலனி ஆட்கள் தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போனார்கள், களை எடுக்க, கரும்பு வெட்ட, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட. ஆனால் காலனியில் கல்யாணம் நடந்தால் பொண்ணும் மாப்பிள்ளையும் ஸ்டாப்பில் இறங்கி ஏரிக்கரை வழியாக நடந்து ஊரைச் சுற்றிக்கொண்டு வீடு சேர வேண்டும். பெரிய தெருக்காரர்களின் பிள்ளைகள் மாலையோடு காரில் வருவார்கள், கோவிலை ஒரு சுற்று சுற்றுவார்கள். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. யாரும் மீறிப் பார்க்கவும் இல்லை. ரஞ்சிதம் கல்யாணமாகி வந்த 1971 ஐப்பசியில் ஏரி நிரம்பிக் கரை வழுக்கியது. கூரைப்புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் புருஷன் வீடு வந்து சேர்ந்தார்.

இப்போது அவருடைய மகன் உதயாவுக்குக் கல்யாணம். அவன் அரக்கோணத்தில் வெல்டிங் பட்டறையில் வேலை செய்தான். பெண் அனுராதா, பொதட்டூர்பேட்டையில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவள். முகூர்த்தம் காலையில் மலைக்கோவிலில். அங்கிருந்து ஊருக்குப் பஸ்ஸில் வரலாம். ஸ்டாப்பிலிருந்து காலனி வரைக்கும்தான் கார். அந்தத் தூரத்துக்குத்தான் இத்தனை போன்.

ரஞ்சிதத்தின் வீட்டுக்காரர் ஜெகநாதன், பெரிய தெருக்காரரான கோதண்டபாணியின் டிராக்டரைப் பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறவர்.

"மேளம் வெச்சிக்கோ, பந்தல் போட்டுக்கோ, ரெண்டு மூட்ட அரிசி கூட நான் தரேன், கார் மட்டும் வாணாம்னு சொல்றாரு" என்றார் ஜெகநாதன். "இந்த வருசம் மழை இல்ல. ஏரிக்கரை காஞ்சி சிமெண்டு ரோடு மாதிரி கீது. நடந்தே வந்துடலாமே."

"கரை ஈரமா கீதேன்னா நான் அழுதுகினு கீறேன்?"

"அவரு கிட்ட நாளைக்கும் வேலைக்கு போவணும், ரஞ்சிதம்."

"போ. நான் இன்னா உன்ன போவாதன்னா சொன்னேன்? என் மருமவ கார்ல வருவா. அவ்ளோதான்."

அடுத்த நாள் ரஞ்சிதம் சித்தூர் ரோட்டில் சேட்டுவின் காயலான் கடைக்குப் போனார். பழைய இரும்பு, பேட்டரி, லாரி டயர் குவியலுக்குப் பின்னால் ஒரு பியட் கார் நிற்பதை அவர் பஸ்ஸிலிருந்து பல நாள் பார்த்திருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் நிறம் ஒரு காலத்தில் வெள்ளை. சக்கரம் நாலும் இருந்தது. ஸ்டீயரிங் இருந்தது. கண்ணாடி ஒன்றுகூட இல்லை.

"அத ஏம்மா பாத்துகினு கீற? இஞ்சின் இல்லாத வண்டி அது" என்றார் சேட்டு. "இஞ்சின எப்பவோ கழட்டி வித்தாச்சி. ஒடைக்கறதுக்கு வெச்சிக்கினு கீறேன்."

"உருளுமா?"

"உருளும். தள்ளுனா உருளும்."

"கல்யாண ஊர்வலத்துல கார் எவ்ளோ வேகமா போவும் சேட்டு?"

சேட்டு யோசித்தார். "மேளக்காரன் நடக்கற வேகம்தான்."

"அப்பறம் இஞ்சின் எதுக்கு?"

சேட்டு தராசுக் கல்லைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "ஒரு நாளைக்குத்தானே? விலைக்கி எதுக்கு. முந்நூறு ரூபா குடுத்துட்டு எடுத்துகினு போ, மறுநாள் கொண்ணாந்து வுடு" என்றார்.

"வாடகைன்னா நாளைக்கே உனுக்கும் போன் வரும். நீயும் உன் மாமியாருக்கு ஒடம்பு சரியில்லம்ப. எனக்கு விலைக்கித்தான் வேணும். எங்க காரா இருக்கணும். எவன் போன் பண்ணாலும் எனக்குத்தான் பண்ணணும்."

எடைக் கணக்கில் மூவாயிரம் என்றார் சேட்டு. இரண்டாயிரத்து நானூறில் முடிந்தது. கார் வாடகைக்கு எடுத்துவைத்த பணமும் மைக்செட்டுக்கு எடுத்துவைத்த பணமும் சேர்ந்தும் எட்டவில்லை. மறுநாள் ரஞ்சிதம் வீட்டுப் பித்தளை அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, தானே தராசில் ஏற்றினார். சேட்டு எடை போட்டுவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் 'பியட் வண்டி, இஞ்சின் இல்லை, கண்ணாடி இல்லை, முழுப் பணம் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, கேட்காமலேயே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இந்தச் செய்தி ஜெகநாதனுக்கு அன்று சாயந்திரம் தெரிந்தது. அவர் சேட்டு எழுதிய தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஹேண்ட் பிரேக் கீதா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எனக்கு தெரியாது. நீதானே டிரைவரு."

கல்யாணத்தன்று காலை செங்கல் சூளை டிராக்டர் ஒன்று பியட்டைக் கயிறு கட்டி இழுத்து வந்து நொச்சிக்கண்டிகை ஸ்டாப்பில் விட்டது. ஓட்டி வந்த நாகேந்திரன் நகரிக்காரர். "நாளைக்கு உன்ன யாரானா கேட்டா?" என்று உதயாவின் நண்பர்கள் அவரிடம் கேட்டார்கள். "நான் அடுத்த ஸ்டேட்டு. என்ன கேக்கணும்னா ஆந்திராவுக்கு வந்து கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டார். பையன்கள் காரைக் கழுவினார்கள். ஹெட்லைட் இருந்த இரண்டு குழிகளிலும் சாமந்திப் பூவை அடைத்தார்கள். பின்சீட்டில் ஸ்பிரிங் குத்தியதால் வைக்கோல் பரப்பி ஜமக்காளம் போட்டார்கள்.

மூன்றரை மணிக்கு மலையிலிருந்து பஸ் வந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் இறங்கிக் காரில் ஏறினார்கள். பட்டு வேட்டியோடு ஜெகநாதன் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். பின்னால் ஆறு பேர் கை வைத்தார்கள். மேளம் தொடங்குவதற்குள் மோட்டார் சைக்கிளில் ஏட்டு ஒருவர் வந்து இறங்கினார்.

"யாருதுய்யா வண்டி?"

"என்னுது சார்" என்றார் ரஞ்சிதம்.

"ஆர்.சி. புக்கு, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் எடு. பேப்பர் இல்லாத கார ரோட்ல ஓட்றாங்கன்னு கம்ப்ளெய்ண்ட் வந்திருக்கு."

ரஞ்சிதம் சேட்டு எழுதிக் கொடுத்த தாளை நீட்டினார். ஏட்டு இரண்டு தடவை படித்தார்.

"பானட்ட தொற."

ஜெகநாதன் இறங்கிப் பானட்டைத் தூக்கினார். இஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் சீர்வரிசை இருந்தது. ஒரு தார் வாழைப்பழம், தட்டில் தேங்காய், குத்துவிளக்கு இரண்டு, எவர்சில்வர் குடம், துணி கட்டிய பலகாரக் கூடை.

"ஓட்றதா யாரு சார் சொன்னது? தள்ளிக்கினு போறோம்" என்றார் ரஞ்சிதம். "மாட்டு வண்டிக்கு மாடாவது கீது. இதுக்கு அதுகூட இல்ல. இதுக்கு எந்த பேப்பர் வேணும்னு நீங்களே சொல்லுங்க, வாங்கியாறோம்."

ஏட்டு பானட்டுக்குள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள அவர் சிரமப்பட்டது எல்லோருக்கும் தெரிந்தது. தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"சத்தம் கித்தம் இல்லாம போய் சேருங்க."

"சத்தம் போடறதுக்கு இதுல இன்னா கீது சார்?" என்றான் தள்ளுகிறவர்களில் ஒருவன்.

மேளம் முன்னால் போனது. அதற்குப் பின்னால் ரஞ்சிதம். அதற்குப் பின்னால் கார். பெரிய தெருவில் ஓர் இஞ்சின் கார் எவ்வளவு மெதுவாக வந்தாலும் இரண்டு மூன்று நிமிஷத்தில் கடந்துவிடும். இது வீடு வீடாக நின்று போவது போலப் போனது. வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். சிலர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவுகளின் ஜன்னல்கள் திறந்திருந்தன.

பால் சொசைட்டி அருகே ஒரு கல் வந்து பானட்டில் விழுந்தது. தகரம் சத்தமாக ஒலித்தது. மேளம் நின்றது. உதயா கதவைத் திறக்கப் போனான்.

"நானும் எறங்கி தள்றேன். சீக்கிரம் போயிடலாம்."

அனுராதா அவன் வேட்டி நுனியைப் பிடித்தாள். "பாவா, ஒக்காருங்க. நீங்க எறங்கிட்டா இது ஊர்வலம் இல்ல, ரிப்பேர் வண்டி."

அவன் உட்கார்ந்தான். ரஞ்சிதம் திரும்பி மேளக்காரர்களைப் பார்த்தார். "காசு வாங்கினு கீறீங்க இல்ல? அடிங்க." அவர்கள் அடித்தார்கள். கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்தை அவர் நடந்துகொண்டே நன்றாகப் பார்த்தார். அடுத்த கல் வரவில்லை.

கோவிலுக்கு ஐம்பது அடி இருக்கும்போது ஊர்வலம் நின்றது. தெருவை அடைத்துக்கொண்டு குறுக்கே ஒரு டிராக்டர் நின்றிருந்தது. பக்கத்தில் தன் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு கோதண்டபாணி. முந்தின நாள் மாலை ஜெகநாதன் ஏர் ஓட்டி முடித்துக் கொட்டகையில் விட்ட டிராக்டர்தான் அது.

"பேட்டரி எறங்கிடுச்சி ஜெகநாதா" என்றார் கோதண்டபாணி. குரலில் கோபம் இல்லை. "நாளைக்குத்தான் மெக்கானிக்கு வருவான். புள்ளைங்கள எறக்கி ஏரிக்கரை வழியா கூட்டினு போ. இன்னும் ஒண்ணும் கெட்டுப் போவல. அரிசி மூட்டைங்க கூட உள்ளதான் கீது."

எல்லோரும் ரஞ்சிதத்தைப் பார்த்தார்கள். அவர் ஸ்டீயரிங்கில் இருந்தவரைப் பார்த்தார்.

ஜெகநாதன் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். டிராக்டரை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து டயரைப் பார்த்தார்.

"எறங்குனது பேட்டரிதானுங்களே. சக்கரம் நல்லாதான் கீது."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிராக்டரில் ஏறினார். கியரை விடுவித்து பிரேக்கை எடுத்தார்.

"ஜெகநாதா, சொல்றத கேளு" என்றார் கோதண்டபாணி. இப்போது குரல் மாறியிருந்தது. "இத நவுத்துனா நாளையிலேர்ந்து அந்த சீட்டுல நீ ஒக்கார மாட்ட."

"சரிங்க. இன்னிக்கு ஒக்காந்துக்கறேன்."

பிறகு பின்னால் திரும்பி, "டேய், வாங்கடா. அத தள்ளுன கைதானே, இதயும் தள்ளுங்க" என்றார்.

ஆறு பேர் போதவில்லை. மேளக்காரர்கள் மேளத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். காலனிப் பெண்கள் நான்கு பேர் சீர்த்தட்டுகளைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு வந்தார்கள். டிராக்டர் அசைந்தது. ஜெகநாதன் அதைக் கோதண்டபாணியின் கேட்டுக்கு நேராக, சுவரை உரசாமல், எப்போதும் நிறுத்துகிற மாதிரி ஒழுங்காக நிறுத்தினார். இறங்கினார். சீட்டைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோதண்டபாணி இன்னும் கேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கார் மறுபடி நகர்ந்தது. கோவில் வந்ததும் வழக்கப்படி வலமாக ஒரு சுற்று சுற்றினார்கள். பூசாரி உள்ளே இருந்தார், வெளியே வரவில்லை. ரஞ்சிதம் வாசலிலேயே கற்பூரம் ஏற்றி, கார் முன்னால் தானே தேங்காய் உடைத்தார். தள்ளுகிறவர்களின் சட்டைகள் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தன. மேளம் காலனிப் பக்கம் திரும்பியது. ரஞ்சிதமும் திரும்பி நாலடி நடந்துவிட்டார். பின்னால் கார் வரவில்லை.

ஜெகநாதன் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்துப் பிடித்திருந்தார்.

"மாமா, காலனி இந்தப் பக்கம்" என்றான் பின்னாலிருந்து ஒருவன், மூச்சு வாங்க.

"தெரியும்" என்றார் ஜெகநாதன். "இன்னொரு சுத்து. தள்ளுங்க."