மெலெரியின் கை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சின்னப் பொய். பாசத்தில் சொன்னது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'டவுன் நோய்க்குறியும் ஆஸ்துமாவும் உள்ள, முப்பத்தைந்து வயது மெலெரி என்பவர்…' ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

மெலெரி கார்மார்தன் என்ற ஊரில், என்னைப் போன்ற உதவியாளர்கள் வந்துபோகும் வீட்டில், தோழிகளோடு வசிக்கிறாள். போன குளிர்காலத்தில் ஃப்ளூ வந்து, நிமோனியாவாகி, ஆக்ஸிஜனோடு கிடந்தாள். தம்பி ஐவன் கட்டில் பக்கத்து நாற்காலியிலேயே தூங்கினான். அதனால் இந்த வருடம் அவளுக்குத் தடுப்பூசி போடுவதென்று முடிவு செய்தான்.

(கவனியுங்கள்: முடிவு செய்தது அவன்.)

2

"சும்மா பிரஷர் பாக்கத்தான் போறோம், மெல்," என்றான் காரில். பின் இருக்கையில் நான்.

கிளினிக்கில் நர்ஸ் டெலித் ஊசியை எடுத்ததும், மெலெரி கையைக் கம்பளிச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பிரஷர்னு சொன்னே?"

"உன் நல்லதுக்குத்தான் மெல்…"

"நான் என்ன நாய்க்குட்டியா? பிஸ்கட் காட்டி இழுத்துட்டு வரே?"

ஐவனை வில்லனாக்கி ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. அந்த நாற்காலியில் அவன் தூங்கியதை நான் பார்த்திருந்தேன்.

"இன்னொரு தடவை உன்னை அப்படிப் பாக்க என்னால முடியாது."

"மூச்சு வாங்கினது எனக்கு. நீ பக்கத்துல உக்காந்து அழுதே, அவ்வளவுதான்."

டெலித் ஊசியை வைத்துவிட்டு, அவளெதிரே வந்து உட்கார்ந்தாள். "கை உங்களோடது மெலெரி. உங்களைத்தான் கேக்கறேன்."

"வலிக்குமா?"

"கொஞ்சம். நாளைக்குக் கை கனமா இருக்கலாம்."

"போட்டா ஃப்ளூ வரவே வராதா?"

"வரலாம். ஆனா போன தடவை மாதிரி மோசமாகறது குறையும்."

"வேண்டாம்னா திட்டுவீங்களா?"

"மாட்டேன். இன்னொரு நாள் மறுபடி கேப்பேன்."

மெலெரி யோசித்தாள். (ஒருத்தி யோசிப்பதை எழுதுவது கடினம், வெளியே எதுவுமே நடப்பதில்லை.) பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"நீ கார்கிட்ட போ. உன் மூஞ்சியைப் பாத்தா உனக்காகப் போட்டுக்குவேன். அது வேண்டாம்."

அவன் போனான்.

3

கதைக்குப் பல முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சட்டைக் கையை மடித்துவிடுகிறாள். ஒன்றில், அடுத்த வாரம் வருவதாகச் சொல்லி எழுந்துவிடுகிறாள். இன்னொன்று, 'ஜனவரியில் மெலெரிக்கு மறுபடியும்…' இதற்குமேல் கை ஓடவில்லை.

மெலெரிக்கே வாசித்துக் காட்டினேன்.

"நான் அழகா இருக்கேன்னு எங்கயுமே எழுதலையே?"

(அவள் அழகி.)

"போட்டேனா இல்லையான்னு எழுதாதே. அது என் உடம்பு விஷயம்."

"வாசிக்கறவங்க கேப்பாங்களே மெல்?"

"அவங்களே ஆளுக்கொண்ணு நினைச்சுக்கட்டும். வெளிய வந்தப்புறம் நடந்ததை வேணா எழுதிக்கோ."

4

எழுதுகிறேன். ஐவன் காரில் சாய்ந்து நின்றிருந்தான். அவள் தோளைப் பார்த்தான். சட்டைக் கை இறங்கியிருந்தது. கேட்க வாயெடுத்தான். கேட்கவில்லை. அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

"நான் பொய் சொல்லியிருக்கக் கூடாது. இப்ப எங்க போகணும், நீ சொல்லு."

"கடலுக்கு."

"குளிருமே…"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். வண்டியைக் கடற்கரைப் பக்கம் திருப்பினான்.