ஜெஸ்லினுக்கு மட்டும் திறக்கும் பயாஸ்

என் மடிக்கணினி தன் பயாஸை ஜெஸ்லினுக்கு மட்டும்தான் திறக்கும். ஜெஸ்லின் என் அறைத்தோழி. மடிக்கணினி என்னுடையது.

எங்கள் கல்லூரி விடுதியில் இது வழக்கம்தான். பயாஸ் என்பது கணினியின் உள்ளறை. அதை யாருக்குத் திறப்பது என்று கணினியே முடிவு செய்துகொள்ளும். பெரும்பாலும் உரியவருக்குத்தான் திறக்கும். கீழ்த்தளத்தில் ஒருத்தியின் கணினி மெஸ் மாஸ்டருக்குத் திறக்கிறது. அவளும் தேவைப்படும்போதெல்லாம் அவரைக் கூப்பிட்டு, தோசைக்கரண்டியைக் கீழே வைக்கச் சொல்லி, விசையை அழுத்த வைக்கிறாள். அவளுக்கு ரோஷம் இல்லை. எனக்கு இருக்கிறது.

அன்று மதியம் எனக்கு இறுதியாண்டு புராஜெக்ட் தேர்வு. என் புராஜெக்ட் ஓட வேண்டுமானால் பயாஸுக்குள் போய் விர்ச்சுவலைசேஷனை இயக்க வேண்டும். ஒரு கணினிக்குள் இன்னொன்று ஓடுவதற்கான அனுமதி அது. அதைத் தேர்வாளர் முன்னால்தான் செய்ய வேண்டும். யார் கைக்கு பயாஸ் திறக்கிறதோ அவர் பெயருக்குத்தான் மதிப்பெண். இந்த விதி அநியாயம் என்று துறைத்தலைவரிடமே வாதாடியிருக்கிறேன். எல்லாருக்கும் பொதுவான விதிதானேம்மா என்றார். பொதுவாக இருந்தால் நியாயமாகிவிடுமா?

காலையிலிருந்து முயன்றேன். கணினி விழிக்கும்போதே எஃப் டூ விசையை அழுத்தினேன். அது நேராக விண்டோஸுக்குப் போய் ஒரு பூவின் படத்தைக் காட்டியது. டெலீட்டுக்கும் அதே பூ. எஸ்கேப்புக்கும் அதே பூ. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு முழுக்க அணைத்து எழுப்பினேன். பின்மூடியைக் கழற்றி, மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் பேட்டரியைப் பிடுங்கி மறுபடி வைத்தேன். தேதியை மறந்தது, மணியை மறந்தது. ஜெஸ்லினை மறக்கவில்லை.

"அதுகிட்ட சண்ட போட்டியாட்டி?" என்றாள் ஜெஸ்லின், தலை துவட்டிக்கொண்டே. நாகர்கோவில்காரி.

"சண்டை இல்ல. நியாயம் கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"சார்ஜ் போடுறது யாரு, தூசி தட்டுறது யாரு, அந்த ஜெஸ்லின் உனக்கு என்ன செஞ்சுட்டான்னு கேட்டேன்."

"பாவம், பயந்திருக்கும்." ஈரவிரலால் எஃப் டூவைத் தொட்டாள். நீலத் திரை விரிந்தது. உள்ளே விசிறிகூடத் தன் சத்தத்தைத் தணித்துக்கொண்டது. என்னிடம் அது ஒருநாளும் அத்தனை மெதுவாக மூச்சு விட்டதில்லை.

"சோதிச்சுப் பாத்தேன், அவ்வளவுதான். மதியம் நானே வந்து தொறந்து தரவா?"

"உன் தயவுல எனக்கு ஒண்ணும் வேணாம்."

மதியம் தேர்வாளர் வேதவல்லி மேடம் முன்னால் அழுத்தினேன். பூ.

"ஜெஸ்லினைக் கூப்பிடேம்மா" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"கூப்பிட்டா மார்க் அவளுக்குப் போயிடும் மேடம். உழைச்சது நான். இது எந்த ஊர் நியாயம்?"

"நியாயம் இந்த செமஸ்டர்ல கிடையாதும்மா. கணினி திறக்கலேன்னா ஆளைத் திறக்கலாம். அதுக்கு விதியில இடமிருக்கு."

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். நான் விழிப்பதற்குள் இடது காதுக்குப் பின்னால் அழுத்தினார். நான் திறக்கவில்லை. நானே அழுத்திப் பார்த்தேன். நேராக விழித்துக்கொண்டேன். கடைசியில் மேடம் ஜெஸ்லினுக்கே ஆளனுப்பினார். அவள் விரல் பட்டதும் திறந்துவிட்டேன்.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே வாசித்தார். "இவகிட்டயும் விர்ச்சுவலைசேஷன் அணைஞ்சுதான் கிடக்கு" என்று இயக்கிவிட்டு, சேமித்து வெளியே வந்தார்.

நான் விழித்தபோது பக்கத்து நாற்காலியில் என் முகத்தோடும் என் சுடிதாரோடும் ஒருத்தி இருந்தாள். எஃப் டூவை ஒரே ஒரு தடவை அழுத்தினாள். நீலத் திரை விரிந்தது. புராஜெக்ட் ஓடியது. மேடம் என் பெயரைச் சொல்லி அவளைப் பாராட்டி மதிப்பெண் போட்டார்.

"அது என் பேரு மேடம்."

"அவளுக்கும் அதாம்மா பேரு."

வெளியே வந்ததும் ஜெஸ்லின் அவளிடம், "சாப்டியாட்டி?" என்றாள். என்னிடம் கேட்கும் அதே குரல்.

மெஸ்ஸில் அவர்கள் இருவரும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். எதிர்ப்பக்கம் நானும் மடிக்கணினியும். அவர்கள் எதற்கோ சிரித்தார்கள். மடிக்கணினி சற்று நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் தட்டிலிருந்த அப்பளத்தை என் பக்கம் நகர்த்தியது. எடுத்துக்கொண்டேன்.