வருஷத்துக்கு ஒரு பிள்ளை

1

இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. காளப்பநாயக்கன்பட்டியில் ஏறிய குழந்தைவேல் வாத்தியார், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் மேல் சாய்ந்துகொண்டே தன் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆசிரியர் தின மலர் ஒன்றுக்கு ஒரு நல்ல வாத்தியாரைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தருவதாக நான் அப்போது ஒப்புக்கொண்டிருந்தேன். தேடிப் போக வேண்டிய ஆளே பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தால் யாருக்குக் கசக்கும்? காது கொடுத்துக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து கட்டுரையை இப்படி ஆரம்பித்தேன்:

‘கொல்லிமலையின் ஆலத்தூர் நாட்டில், மேகங்கள் தவழும் ஒரு சிற்றூரில், அறிவுச் சுடரை ஏந்தியபடி—’

[விட்டுவிட்டேன். மேகம் தவழ்வது உண்மைதான். ஆனால் மேகம் தவழ்ந்தால் அந்த ஊரில் துணி காயாது என்றுதான் பேசிக்கொள்வார்கள்.]

இரண்டாவது ஆரம்பம்: ‘குழந்தைவேல் ஒரு வேண்டுதலில் மாட்டிக்கொண்டவர்.’

இது தேவலை. இதைப் பிடித்துக்கொண்டே போகிறேன். மலர்க்காரர்கள் கவலைப்பட வேண்டாம், அவர்களுக்கு வேறொரு வாத்தியார் கிடைத்துவிட்டார்.

2

குழந்தைவேல் அடிவாரத்துக்காரர். மலை மேல் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் மனைவி சண்முகப்பிரியாவுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. ஊரில் ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் பிழைப்பார்களா மாட்டார்களா என்று கிடக்க, இவர் மலையில் மாட்டிக்கொண்டார். கடைசி பஸ் போயிருந்தது. மனுஷன் ஓடிப்போய் ஊர்ப் பெரியசாமி கோயில் வாசலில் விழுந்தார். வேறு யாராவது என்றால் கிடாய் வெட்டுவதாக வேண்டியிருப்பார்கள், மொட்டை போடுவதாக வேண்டியிருப்பார்கள். இவர் படித்தவராயிற்றே. ரெண்டு உயிரையும் காப்பாற்றிக் கொடுத்தால், வருஷத்துக்கு ஒரு பிள்ளையை இந்த மலையிலிருந்து கைதூக்கி விடுகிறேன் என்று வேண்டிக்கொண்டார்.

சாமி காப்பாற்றியது. [ஆஸ்பத்திரியும் காப்பாற்றியது என்று எழுதியிருந்தேன். வாத்தியார் படித்துப் பார்த்துவிட்டு, அது வேண்டாம் என்றார்.]

அன்றிலிருந்து வருஷம் தவறாமல் ஏழாம் வகுப்பில் ஒரு திறமைசாலியைக் கண்டுபிடிப்பார். அடிவாரத்து விடுதிப் பள்ளியில் பேசி வைத்து, பெட்டி படுக்கை வாங்கிக் கொடுத்து, கோயிலில் நிறுத்தி மாலை போட்டு, தானே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு இறங்குவார். ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. கும்பிடு வாங்குவதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. திறமையைக் கண்டுகொள்வது சாமி நமக்குக் கொடுத்த கடமை, மற்றவர்களுக்குச் செய்வதுதான் சாமிக்குச் செய்வது என்று என்னிடம் சொன்னபோது, முன் சீட்டில் இருந்தவரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்.

நான் அவரைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் செய்கிறேன். ஆனால் அவர் கூட்டிப்போன பிள்ளைகள் நன்றாகவே படித்தார்கள். பூசாரி செங்கோடனின் மூத்த மகள் கோகிலா இன்றைக்குச் சேலத்தில் நர்ஸ். மிளகுக் கொடிக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தவளைக் கண்டுபிடித்தது யார்? இவர்தான்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், இந்த வருஷம் ஏழாம் வகுப்பில் திறமை என்ற ஒன்றே இல்லை.

3

நமக்கென்றால் ‘போகட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுவோம். வேண்டுதல் இருக்கிறவர் அப்படி விட முடியுமா? அன்றைக்குப் பிழைத்த பிள்ளை சிவபிரகாஷ் இப்போது கல்லூரிக்கு பைக்கில் போய் வருகிறான். வாக்குத் தவறினால் சாமி எங்கே கைவைக்கும் என்று வாத்தியாருக்குத் தெரியும். பங்குனி வந்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கணக்கு கேட்டார். ஏழெட்டு எவ்வளவு என்றதற்கு இளங்கோ என்கிற பையன் ‘அம்பதுக்குப் பக்கத்துலீங்க சார்’ என்றான். பாடச் சொன்னார். எல்லோரும் ஒரே குரலில் இழுத்தார்கள். மலையேறி இறங்கும் கால்களாயிற்றே என்று ஓட்டப்பந்தயம் வைத்தார். எல்லோரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். கடைசியில் வந்தவனுக்காக முதலில் வந்தவன் கோட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

வாத்தியார் இதையெல்லாம் ஒற்றுமை என்று நினைத்தார்.

கடைசியாக ‘சரியா, தவறா’ என்று ஒரு பரீட்சை வைத்தார். செங்கோடனின் இளைய மகள் சங்கீதா அத்தனைக்கும் தப்பாகவே எழுதியிருந்தாள். ஒன்றுகூடச் சரியில்லை. அக்கா அப்படி, தங்கை இப்படி என்று தலையில் அடித்துக்கொண்டு தாள்களைப் பைக்குள் போட்டு பஸ் ஏறினார்.

பாதி மலை இறங்கியதும் சடாரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றும் தெரியாத பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் பாதிக்குப் பாதி சரியாக வந்துவிடும். எல்லாமே தப்பாக வேண்டுமென்றால் எல்லாமே தெரிந்திருக்க வேண்டும். கணக்கு வாத்தியாருக்கு இது உறைக்க இவ்வளவு வளைவு பிடித்ததே! ‘அடக் கழுதை’ என்று வாய்விட்டுச் சொன்னார். பக்கத்தில் இருந்த அம்மா கூடையை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

மறுநாள் இளங்கோவைத் தனியாகக் கூப்பிட்டு மிரட்டினார். அவன் கக்கிவிட்டான். யாராவது கெட்டிக்காரத்தனம் காட்டினால் சார் கூட்டிக்கொண்டு போய்விடுவார், அதனால் ஒருத்தரும் காட்டக்கூடாது என்று சங்கீதாதான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பரீட்சையில் அங்கொன்றும் இங்கொன்றும் சரியாக எழுதுங்கள், இல்லையென்றால் சாருக்குச் சந்தேகம் வரும் என்று மற்றவர்களுக்குச் சொன்னவளும் அவள்தான். தன் தாளில் மட்டும் அதை மறந்துபோனாள். தப்பையும் முழு மதிப்பெண்ணுக்குச் செய்கிற பிள்ளை அது.*

வாத்தியாருக்கு ஒரே ஆனந்தம். ஒரு வகுப்பையே கட்டி மேய்த்திருக்கிறாள்! இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு திறமையை அவர் பார்த்ததில்லை. பெரியசாமி கைவிடவில்லை என்று கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

* பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது கொஞ்சம் அதிகம் என்று எனக்கே தோன்றியது. சங்கீதாவின் வயதைப் பதினாலாக்கிப் பார்த்தேன். ஏழாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்றவளாக வந்துவிட்டாள், கதை கெட்டது. பன்னிரண்டுக்கே திரும்பிவிட்டேன்.

4

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனார். சங்கீதாவின் அம்மா ருக்குமணி உள்ளே ஓடிப்போய் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து, முந்தானையால் துடைத்துப் போட்டாள். செங்கோடனும் ருக்குமணியும் கீழே உட்கார்ந்தார்கள். சங்கீதா கதவோரம் நின்றாள். வாத்தியார் கண்டுபிடித்த விஷயத்தைச் சொல்லி, சித்திரை பிறந்ததும் கூட்டிப்போகிறேன் என்றார். செங்கோடனுக்கு வாயெல்லாம் பல். மூத்தது தலையெடுத்தது போல இதுவும் தலையெடுத்துவிடும் என்றார்.

ருக்குமணி மட்டும் மரவள்ளிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் அவளைப் பார்த்து, ‘நீங்க என்ன சொல்றீங்கம்மா’ என்றார்.

“நான் என்னங்க சார் சொல்றது,” என்றாள் ருக்குமணி. “கெடாய நேந்து உட்டாக்கூட, வெட்டறதுக்கு முன்ன தண்ணி தெளிச்சு, அது ஒடம்ப உலுக்குதான்னு பாப்பமுங்க. உலுக்கலீன்னா நிப்பாட்டி வெப்பம். நீங்க புள்ளைய நேந்திருக்கறீங்க. ஒரு வார்த்த அவளக் கேட்டீங்களா?”

[இங்கே வாத்தியார் வெட்கித் தலைகுனிந்ததாக ஒரு வாக்கியம் இருந்தது. அவர் குனியவில்லை. ‘கிடாயும் பிள்ளையும் ஒன்றா’ என்று சிரித்து மழுப்பினார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.]

ஆனாலும் சொல்லிவிட்டாளே என்பதற்காக, சங்கீதாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“ஏன் கண்ணு, அக்கா மாதிரி ஆவோணும்னு ஆசையில்லையா உனக்கு?”

“இல்லீங்க சார்.”

“ஏன்?”

அவள் காரணம் சொல்ல வேண்டும். அவளுக்காக நான் நிறையக் காரணங்கள் எழுதிப் பார்த்தேன். மலையின் குளுமை, அம்மாவின் கைச்சோறு, அருவிச் சத்தம் என்று என்னென்னவோ. எல்லாம் மலர்க் கட்டுரைக்கு எழுதியது போலவே வந்தன. இதைப் படிக்கிற சங்கீதாக்கள் சிரிப்பார்கள். கடைசியில், அவள் சொன்னதாக வாத்தியார் பஸ்ஸில் சொன்னதையே வைத்துவிட்டேன். அதுவரை பெருமையாகப் பேசிக்கொண்டு வந்த மனுஷன், இதைச் சொல்லும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அக்கா ஊட்டுக்கு வந்தா அம்மா நாற்காலி போடுதுங்க சார். நாங்கல்லாம் கீழ உக்காந்துக்கறோம். அக்கா எங்ககூட உக்கார வந்தாலும், துணி அழுக்காயிரும் மேலயே இருன்னு அம்மா சொல்லுது. எனக்கு நாற்காலி வேண்டாங்க சார். நீங்க உக்காந்திருக்கறதுதான் அது.”

ருக்குமணியின் கை கிழங்கின் மேல் அப்படியே நின்றது. மகளுக்கு மரியாதை செய்கிறோம் என்றுதானே அவள் போட்டாள்.

5

நியாயமாகப் பார்த்தால் வாத்தியார் அங்கேயே விட்டிருக்க வேண்டும். அவரால் முடியவில்லை. பைக்கில் போகும் சிவபிரகாஷ் கண் முன்னால் வந்து வந்து போனான். சேலத்துக்கு போன் போட்டு கோகிலாவிடமே கேட்டார். தங்கைக்கு அவள் புத்தி சொல்வாள் என்று நினைத்தார்.

கோகிலா சொன்னாள்:

“அந்த நாற்காலி எனக்கும் புடிக்காதுங்க சார். உக்காந்தா அழுகைதான் வருது. ஆனா திரும்பி வந்துருன்னு சொன்னீங்கன்னா, வரமாட்டேன்.”

இது எந்தப் பக்கத்து சாட்சி? வாத்தியாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கோகிலாவை நான் கதைக்குள் கொண்டுவந்ததே ஒரு பக்கமாகச் சாய்ந்து முடிப்பதற்குத்தான். வந்தவள் இப்படிச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். இவளை நம்பி எழுதினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

எதுவும் ஓடாமல் வாத்தியார் பூக்கேட்க முடிவு செய்தார். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் இலையில் ஒன்றுபோலக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, சின்னப் பெண் பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. வெள்ளை வந்தால் சங்கீதா போக வேண்டும். சிவப்பு வந்தால் வேண்டுதலைச் சாமியே தள்ளுபடி செய்ததாக எடுத்துக்கொள்வார், மகனைப் பற்றிய பயமும் இல்லை. பாருங்கள், பிள்ளை வாயைத் திறந்து பதில் சொன்ன பிறகும் அவர் சாமியிடம்தான் கேட்கப் போகிறார்.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

பொட்டலம் கட்டுகிறவர் பூசாரி செங்கோடன். இரண்டாவது மகளும் நர்ஸாக வேண்டும் என்று அவருக்கு ஆசை. இரண்டிலும் வெள்ளையையே வைத்துக் கட்டிவிடுகிறார். [அடித்துவிட்டேன். செங்கோடன் ஆசைக்காரர், ஆனால் சாமியிடம் விளையாடுகிற ஆள் இல்லை. இதை எழுதிய கையோடு மலைக்குப் போனால் எனக்கு டீத்தண்ணிகூடக் கிடைக்காது.]

பூப் பறித்துக் கொடுப்பவள் ருக்குமணி. அவள் சிவப்பு மட்டுமே பறித்து— [இதுவும் இல்லை. போகக்கூடாது என்று ருக்குமணி எந்த இடத்தில் சொன்னாள்? கேட்டீர்களா என்றுதானே கேட்டாள்.]

வாத்தியார் பொட்டலங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, தரையில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உன் இஷ்டம் கண்ணு என்கிறார். எல்லோர் கண்ணிலும் நீர். [மலர்க்காரர்கள் ஆசையாக வாங்கிக்கொள்வார்கள். ஆனால் வாத்தியாருக்கு முட்டிவலி, தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். பயமும் அவருக்கு இன்னும் போகவில்லை.]

ஆகவே பொட்டலங்களை நானே கட்டினேன். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு, நாணயமாக. முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றிக் கலைத்ததில் எது எதுவென்று எனக்கும் தெரியாது. சாமி முன்னால் வைத்தாயிற்று. எடுப்பதற்குப் பிள்ளை வேண்டும். அந்த வேளைக்குக் கோயிலில் இருந்த ஒரே சின்னப் பெண் சங்கீதாதான். அவளையா என்று வாத்தியார் தயங்க, சாமிக்கு யார் எடுத்தால் என்ன என்று செங்கோடன் சொல்லிவிட்டார். அவள் குனிந்து ஒன்றை எடுத்து வாத்தியார் கையில் கொடுத்தாள்.

வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முட்டிவலிக்காரர் நிற்கக்கூடாதே என்று ருக்குமணிதான் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டாள். அவர் நாரை அவிழ்க்கப் போனார். நிறுத்திவிட்டுப் பிள்ளையைப் பார்த்தார்.

“எந்தப் பூ வரோணும்னு நெனைக்கற, சாமி?”

சங்கீதா அவரை நேராகப் பார்த்தாள். கேலியாகக் கேட்கவில்லை, பரீட்சைக்கு முன்னால் கேட்பது போலத்தான் கேட்டாள்.

“சரியாச் சொல்லோணுங்களா சார், தப்பாச் சொல்லோணுங்களா?”

வாத்தியார் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். எழுதுகிற ஆள் நீங்கள்தானே, நீங்களே பிரியுங்கள் என்கிற மாதிரி. எனக்கு அது வேண்டாம். அதனால்தான் இவ்வளவு தூரம் உங்களையும் கூட்டிக்கொண்டு வந்தேன். பிடியுங்கள்.

அவசரப்படாதீர்கள். பிரிப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்றை நினைத்துப் பாருங்கள். கடைசியாக நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, எல்லோரும் கீழே உட்கார்ந்திருக்க, உங்களுக்கு மட்டும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்களா?

போட்டார்கள் என்றால், அதில் உட்கார்ந்தபடியே பிரியுங்கள். சங்கீதா காத்துக்கொண்டிருக்கிறாள்.