பிரான்சுக்காரன் போன வழி

சோமுவின் கடிதம் வந்ததிலிருந்து தேனப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அமெரிக்காவில் படித்து அங்கேயே வேலை பார்க்கும் ஒரே மகன். அவனை அந்த நாட்டு ராணுவம் கூப்பிட்டிருந்தது. பிரஜையாக இல்லாவிட்டாலும், நிரந்தரமாகத் தங்குவதற்குக் காகிதம் வாங்கியவன் போய்த்தான் ஆக வேண்டுமாம். பயிற்சி முடிந்தால் அநேகமாக வியட்நாம்தான். "நீங்கள் இருந்த சைகோனை நானும் பார்த்துவிடுவேன், அப்பச்சி" என்று வேடிக்கை வேறு.

சைகோனில் பதினெட்டு வருஷம் வட்டிக்கடை வைத்திருந்தவர் தேனப்பன். பிரான்சுக்காரனின் பட்டாளம் பேண்டு வாசித்துக்கொண்டு வந்திறங்கியதையும் பார்த்தவர், சவப்பெட்டிகளோடு கப்பலேறியதையும் பார்த்தவர். ஆத்திரம் தாங்காமல் கடைவீதியில் மளிகைக்கடை ஏகப்பனிடம் பொரிந்து தள்ளினார்.

"அத்தனை வருஷம் ஆண்ட பிரான்சுக்காரனாலயே முடியலை. அவனைப் பாத்தாவது அமெரிக்காக்காரனுக்குப் புத்தி வர வேண்டாமா? முன்னேர் போன வழியிலயே பின்னேரும் போகுதே!"

"அவன் எதுக்கண்ணே அடுத்தவனைப் பாக்கணும்? அவன்கிட்ட இல்லாத விமானமா?"

"பிரான்சுக்காரனும் இப்படித்தான்யா பேசுனான்."

சொல்லிவிட்டாரே தவிர, நெஞ்சு சுட்டது. பிரான்சுக்காரன் போனபின் சைகோனில் தங்குவதற்குக் காகிதம் இல்லாமல்தான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தார். 'எந்த ஊரில் பிழைக்கிறாயோ, அந்த ஊர்க் காகிதத்தை முதலில் வாங்கு' என்று மாதம் தவறாமல் மகனுக்கு எழுதியவரும் அவர்தான். அமெரிக்காவுக்கே புத்தி சொல்ல வந்துவிட்டார், பெரிய மனுஷர்! பட்ட அடியிலிருந்து தான் படித்த பாடம் என்ன லட்சணம் என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மகன் ஊருக்குத் திரும்பிவிட்டால் தப்பலாம், மறுபடி அமெரிக்காவில் நுழைய முடியாது. 'பயந்து ஓடிவர மாட்டேன்' என்று சோமு எழுதிவிட்டான். பட்டாளத்தில் சேர இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

மறுநாள் காலை மனைவி விசாலத்தோடு காரைக்குடி தபாலாபீசுக்குப் போனார். 'அம்மாவுக்கு சீரியஸ், உடனே புறப்படு' என்று தந்தித் தாளில் எழுதி, அவளுக்கும் படித்துக் காட்டினார்.

"சீரியஸ்னா வைத்தியத்துக்குப் பணம் அனுப்புவான். வர மாட்டான்" என்றாள் விசாலம். "செத்துப்போயிட்டேன்னு எழுதுங்க. கொள்ளி வைக்கன்னா வருவான்."

"சுமங்கலி பேசுற பேச்சா இது?"

"காகிதம் வாங்குன்னு நீங்க சொன்னீக, வாங்குனான். இப்ப நான் சொல்றதை எழுதுங்க."

அவர் முதலில் எழுதியதை அடித்துவிட்டு, அவள் சொன்னதை எழுதினார். இரண்டு எழுத்துக்கு ஒருமுறை கை நின்றது.

குமாஸ்தா தாளை வாங்கிப் படித்தார். தேனப்பனைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஐயா, எப்ப நடந்துச்சு? விசாலம் ஆச்சிக்கா இப்படி? போன வாரம்கூட இங்க வந்து கடுதாசி போட்டுட்டுப் போனாகளே!"

தேனப்பனுக்குப் பின்னாலிருந்து விசாலம் முன்னே வந்தாள்.

"நான்தானப்பா செத்தது" என்றாள். "சீக்கிரம் அடி."